இன்ஜெக்டரைக் கழுவச் சொல்கிறார்களா? முதலில் இதைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: 2017இல் வாங்கிய பெட்ரோல் கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேளச்சேரி வீட்டிலிருந்து தரமணி அலுவலகம், மாலையில் திரும்பி வீடு, இதுதான் அதன் அன்றாடப் பயணம். சிக்னலில் நிற்கும்போது லேசாகக் குலுங்குகிறது. லிட்டருக்கு 15 கொடுத்துவந்த வண்டி இப்போது 12 கொடுக்கிறது. சர்வீஸ் சென்டரில் இன்ஜெக்டர் கிளீனிங் (பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழுவுவது), டீகார்பனைசிங் (இன்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது) இரண்டையும் சேர்த்து மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். செய்யலாமா, எப்போது, எந்த முறையில்?

இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் வையுங்கள். உங்கள் இன்ஜெக்டர்களில் அழுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இரண்டில் எது என்று அங்கே யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

நான் அம்பத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்துகிறேன். அதற்கு முன் புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் கார்ப்புரேட்டர் கழுவித் தொழில் பழகினேன். அந்தக் காலத்தில் வண்டி திணறினால் கார்ப்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை வாயால் ஊதி, திரும்ப மாட்டினால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். அந்தப் பழக்கம் இன்ஜெக்டர் வந்த பிறகும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. குலுங்கினால் கழுவு, மைலேஜ் குறைந்தால் கழுவு, 20,000 கிலோமீட்டர் ஆனால் கழுவு. காருடன் வரும் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பிளக், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். இன்ஜெக்டரை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று நான் பார்த்த எந்த அட்டவணையிலும் இல்லை.

அப்படியானால் அதில் அழுக்கே சேராதா? சேரும். எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தால், உங்கள் வண்டிக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

உங்கள் காரில் இருப்பது எம்.பி.எஃப்.ஐ. வகை என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டின் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர், காற்று உள்ளே போகும் வழியில் இன்டேக் வால்வைப் பார்த்தபடி செருகியிருக்கும். அதன் முதுகில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் காத்திருக்கும். கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுத்ததும் உள்ளிருக்கும் ஊசி மயிரிழை உயரம் எழும்பி, இரண்டு மூன்று மில்லி விநாடிக்குள் மறுபடி அமர்ந்துவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 தடவை இப்படித் திறந்து மூடுகிறது. நுனியில் உள்ள துளைகளை வெறும் கண்ணால் எண்ணுவதே சிரமம். அங்கே மெல்லிய படலம் பிடித்தாலும் போதும், பனிபோல் விரிய வேண்டிய பெட்ரோல் ஒரு பக்கமாகக் கோடிழுத்து ஒழுகும். முதலில் தெரிவது ஐடிலிங்கில்தான். தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் படலம் பெரும்பாலும் வண்டி ஓடும்போது படிவதில்லை, நிறுத்திய பிறகுதான் படிகிறது. ஓடும்போது பெட்ரோலே நுனியைக் கழுவிக்கொண்டும் குளிர்வித்துக்கொண்டும் இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்ததும் அந்த ஓட்டம் நின்றுபோகும். ஆனால் சிலிண்டர் ஹெட்டின் சூடு உடனே தணியாது, இன்ஜெக்டர் நுனிக்கு ஏறும். அங்கே ஒட்டியிருக்கும் துளியின் லேசான பகுதி ஆவியாகிவிட, கனமான பகுதி பிசினாக நின்றுவிடும். வாணலியின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, சூடாக எத்தனை தடவை நிறுத்தினீர்கள் என்பதே முக்கியம். தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை போய்வரும் கார் லட்சம் கிலோமீட்டரிலும் சுத்தமாக இருக்கக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, கோயில் என்று ஒரே நாளில் ஆறு இடத்தில் நின்று கிளம்பும் கார் 40,000லேயே முனகும். உங்களுடையது இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் சந்தேகத்தை அடியோடு தள்ளவில்லை.

இனி மைலேஜ். 15இலிருந்து 12 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதில் ஒரு பகுதிக்குக் காரணம் பெட்ரோல் பங்க்கிலேயே இருக்கிறது. நீங்கள் கார் வாங்கியபோது இருந்த பெட்ரோல் வேறு, இப்போது போடுவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது 6, 7 சதவீதமும், 10 சதவீதக் கலப்போடு ஒப்பிடும்போது அதில் பாதியும் குறையும். இதை எந்த இன்ஜெக்டர் கிளீனிங்கும் திருப்பித் தராது. ஆனால் உங்களுக்குக் குறைந்திருப்பது 20 சதவீதம். மிச்சத்துக்குக் காரணம் தேட வேண்டும். அதற்கு முன், அந்த 12 என்பது டேஷ்போர்டு காட்டும் எண்ணா, டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கா? டேஷ்போர்டு எண் என்றால் அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். கூடவே டயர் காற்றையும், மே மாதம் முழுக்க ஏ.சி. ஓடியதையும் கணக்கில் வையுங்கள்.

குலுக்கலுக்கு வருவோம். சிக்னலில் குலுங்கும் காரில் நான் முதலில் பார்ப்பது ஸ்பார்க் பிளக், அடுத்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில், மூன்றாவது உள்ளே போகும் காற்றைத் தட்டு வைத்துக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி. உங்கள் பிளக்கை எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்களில் தேடுங்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால் அதன் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். த்ராட்டில் பாடியின் தட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் பிடித்திருந்தால் ஐடிலிங் காற்றே ஒழுங்காகப் போகாது. அதைத் துடைப்பது அரை மணி வேலை. சில வண்டிகளில் துடைத்த பிறகு ஸ்கேனர் வைத்து ஐடில் அளவைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, வண்டி முன்பைவிட மோசமாகக் குலுங்க, பழியை இன்ஜெக்டர் மேல் போட்டவர்களும் உண்டு.

இந்த மூன்றும் சரி என்றால் ஃப்யூயல் டிரிம் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கிளீனிங் செலவில் மிகச் சிறு பகுதிதான் ஆகும். சைலன்சர் வழியில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, கணக்கிட்ட பெட்ரோலில் எத்தனை சதவீதம் கூட்டுகிறேன் அல்லது குறைக்கிறேன் என்று கம்ப்யூட்டர் சொல்லும் எண்தான் டிரிம். நீண்டகால டிரிம் கூட்டல் பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் இடையில் இருந்தால் நான் தலையைக் குடைந்துகொள்வதில்லை. அதைத் தாண்டினால், எந்த நிலையில் தாண்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐடிலிங்கில் ஒரு தடவை, 2,500 சுற்றில் பிடித்து வைத்து ஒரு தடவை, மேம்பாலம் ஏறும்போது ஒரு தடவை, மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது குறிப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். “என்னப்பா, ரெண்டு வருஷத்தில் மூணு தடவை இன்ஜெக்டர் கழுவியாச்சு, குலுக்கல் மட்டும் போகவே இல்லையே” என்றார். மூன்று பில்களையும் வரிசையாக அடுக்கிக் கையில் வைத்திருந்தார். செருகிப் பார்த்தால் ஐடிலிங்கில் டிரிம் கூட்டல் 18. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500இல் நிறுத்தினால் 4க்கு இறங்கிவிட்டது. இன்ஜெக்டர் அடைத்திருந்தால் இப்படி நடக்காது. பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போது டிரிம் ஏறத்தான் வேண்டும். ஐடிலிங்கில் ஏறி வேகத்தில் இறங்கினால், எங்கோ ஒரு சிறு துளை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது, திறந்துவிட்டால் அது ஒன்றுமில்லை. புகை விட்டுப் பார்த்ததில் இன்டேக்குக்குப் போகும் ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கம் விரல்நக நீளத்துக்கு வெடித்திருந்தது. குழாயை மாற்றினேன். அவர் அந்த மூன்று பில்களையும் அங்கேயே கிழித்துப் போட்டார்.

நேர்மாறாக, ஐடிலிங்கில் ஓரளவு சரியாக இருந்து, மேடேறும்போதும் வேகத்திலும் டிரிம் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. அப்போதும் உடனே இன்ஜெக்டரைக் கழற்றக் கூடாது, பிரஷர் கேஜ் மாட்டிப் பம்ப் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நான்கு இன்ஜெக்டரும் ஒரே சமயத்தில் ஒரே அளவு அடைத்துக்கொள்வது அபூர்வம். பம்ப் தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ நான்குக்கும் ஒரே சமயத்தில்தான் குறையும்.

டிரிம் தனியாகக் காட்டிக்கொடுக்காத ஒன்றும் உண்டு. நான்கில் ஒரே ஒரு இன்ஜெக்டர் 20 சதவீதம் குறைவாகத் தெளித்தால், சராசரியில் அது 5 சதவீதமாகக் கரைந்துவிடும். எண் நன்றாகத்தான் இருக்கும், வண்டி குலுங்கும். இதற்கு இடமாற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியவில்லை) என்று ஓ.பி.டி. கருவியில் பி0301 என்ற பிழைக்குறி, அதாவது கோடு, வருகிறதா? முதலில் காயிலையும் பிளக்கையும் மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோடு அங்கேயே நின்றால் இன்ஜெக்டரை மாற்றுங்கள். இப்போது கோடு பி0303 ஆகிவிட்டதா? குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. எங்கே மாற்றினாலும் முதல் சிலிண்டரைவிட்டு நகரவில்லை என்றால் வயரிங்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். இதற்கிடையில் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிவிடும். அதன் விலைக்கு முன் நான்கு புது இன்ஜெக்டர்கூட மலிவு.

இன்ஜெக்டர் அடைப்பது மட்டுமல்ல, சில சமயம் முழுதாக மூடாமல் ஒழுகும். அந்த வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுச் சூட்டோடு ஸ்டார்ட் செய்தால் நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடிக்கும், ஒரு கொத்து கரும்புகை வரும், டிரிம் கழித்தல் பக்கம் சாயும். ஆயில் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும்.

சரி, சோதனையெல்லாம் முடிந்து பழி இன்ஜெக்டர் மேல்தான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழிகள் இருக்கின்றன.

உங்கள் ஓட்டத்துக்கு நான் முதலில் சொல்வது டேங்கில் ஊற்றும் பாட்டில். லேபிளில் பாலி ஈதர் அமீன், அதாவது பி.இ.ஏ. என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிசினை நிஜமாகவே கரைப்பது அதுதான். டேங்க் காலியாகும் நிலையில் ஊற்றி, பிறகு முழுக்க நிரப்புங்கள். அதை வேளச்சேரி, தரமணி என்று பத்து நாள் உருட்டித் தீர்க்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை நிற்காமல் போய் வாருங்கள். இரண்டு டேங்க் பார்த்துவிட்டு எண்களை மறுபடி குறியுங்கள். கரைந்ததில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும் என்பதால், அடுத்த ஆயில் மாற்றத்துக்குச் சற்று முன் செய்வது நல்லது. மாதாமாதம் ஊற்ற வேண்டியதில்லை. பாட்டிலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய், தின்னர், பெரியவர்கள் ஸ்கூட்டரில் போட்ட ரசகற்பூர உருண்டை, இவற்றை யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் செய்வது. பம்ப்பை நிறுத்திவிட்டு, ஒரு குப்பியிலிருந்து கரைப்பானை அழுத்தத்தோடு இன்ஜெக்டர் ரயிலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்க்கு) கொடுத்து, இன்ஜினை அரை மணி நேரம் அதிலேயே ஓடவிடுவார்கள். பாட்டிலைவிட வீரியம் அதிகம், இன்டேக் வால்வின் முதுகும் சுத்தமாகும். தவறான வேலை இல்லை. ஆனால் எந்த இன்ஜெக்டர் எவ்வளவு தெளித்தது, இப்போது எவ்வளவு தெளிக்கிறது என்று இதில் ஒன்றும் தெரியாது. கூடவே பட்டியலில் ஏறும் டீகார்பனைசிங்கைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: முன்னும் பின்னும் அளந்து காட்டாத எதற்கும் நான் என் காரில் பணம் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் உண்மையான கிளீனிங். இன்ஜெக்டர்களைக் கழற்றி மேசைக் கருவியில் மாட்டி, அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களில் தெளிக்கவிட வேண்டும். கழுவுவதற்கு முன்பே ஒரு தடவை. நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். மூன்று குழாய் ஒரே மட்டத்தில் இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் மாதக்கணக்கில் குலுங்கியது எதனால் என்று புரியும். பிறகு மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்து ஒழுக்கு பார்ப்பார்கள். அதன் பின் ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசானிக் தொட்டியில், ஊசி திறந்து மூடியபடி இருக்க, ஊறவைப்பார்கள். பின்பக்கமாகக் கரைப்பான் விட்டுக் கழுவி, மேல்வாயில் இருக்கும் குட்டி வலைக்கூடையையும், ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டு, மறுபடி அளப்பார்கள். நான்குக்கும் இடையே வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். வராத ஒன்றை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வலைக்கூடை, ஓ-ரிங் செட் இரண்டும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும். பழைய ஓ-ரிங்கையே துடைத்து மாட்டுகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு பேட்டரியையும் ஸ்பிரே டப்பாவையும் வைத்துச் செய்துவிடலாம் என்று வீடியோக்கள் இருக்கின்றன. நானும் ஆரம்பத்தில் செய்தவன்தான். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்து, பேச்சு வாக்கில் கையை எடுக்க மறந்து, ஒரு வாடிக்கையாளரின் இன்ஜெக்டர் காயிலை எரித்து, புதியது என் காசில் வாங்கிக் கொடுத்தேன். மில்லி விநாடிக் கணக்கில் திறப்பதற்காகச் செய்த காயில் அது. பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும்போது கம்பி உரசிப் பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

உங்கள் பகுதிக்கென்று ஒரு சந்தேகம் தனியாக உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். வெள்ளம் வடிந்த வாரத்தில் பெட்ரோல் போட்ட மறுநாளே குலுக்கல் தொடங்கினால் அது பிசின் அல்ல, தண்ணீர். இன்ஜெக்டரைத் தொடாமல் டேங்கை வடிக்கச் சொல்லுங்கள். பங்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார் என்றால் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே, நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் தெளிக்கிறது. பாட்டில் மருந்து அதன் நுனிக்கு உதவும், ஆனால் பெட்ரோலே படாத இன்டேக் வால்வின் கார்பனுக்கு உதவாது. கழற்றினால் நுனியில் உள்ள டெஃப்லான் சீல் கட்டாயம் புதிது, அதை மாட்டத் தனிக் கருவி வேண்டும். டீசல் காமன் ரெயில் என்றால் வீட்டில் ஸ்பேனரையே எடுக்காதீர்கள். 1,600 பாருக்கு மேல் போகும் அழுத்தம், தோலைத் துளைத்துவிடும். இங்கே மன்னூரில் டெல்பி டி.வி.எஸ். ஆலையில் இந்தப் பாகங்களை மைக்ரான் கணக்கில்தான் செய்கிறார்கள். அந்த நுணுக்கம் தேய்ந்துபோனால் கழுவி மீட்க முடியாது. நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள், அதிகம் நிரம்பும் குப்பிதான் தேய்ந்த இன்ஜெக்டரைச் சொல்லும். புதிதாகப் போட்டால் அதன் மேல் அச்சிட்ட எண்ணை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும், அடியில் செம்பு வாஷரும் புதிதாக வேண்டும். சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் எரிவாயுவிலேயே ஓட்டாமல், வாரத்தில் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். பிளக், த்ராட்டில் பாடி, மூன்று டிரிம் எண்கள், பிறகு ஒரு பாட்டில், மாமல்லபுரம். அதிலும் சரியாகாவிட்டால் மேசைக் கருவி. அந்த வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்கு இரண்டு மூன்று தடவை கொண்டுபோங்கள். பம்ப் ஓடி ரயிலில் அழுத்தம் ஏறும். டார்ச் அடித்து ஒவ்வோர் இன்ஜெக்டரின் மேல்வாயையும் பாருங்கள். ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள், மாட்டும்போது ஏதோ ஓர் ஓ-ரிங் மடங்கியிருக்கும்.